சீப்பில் சிக்கிய முடி

பிரசவ அறையிலிருந்து குழந்தையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்து காட்டிய நிமிடமே சாடை பார்க்கத் தொடங்கிவிடுவோம். அப்பனை அப்படியே உரிச்சு வெச்சிருக்கு என்பார் ஒருவர். நெத்தியப் பாரு, அமுச்சி நெத்தி என்பார் இன்னொருவர். காது மடலுக்கு ஒரு தாய்மாமன், கால் விரலுக்கு எப்போதோ செத்துப்போன ஒரு பாட்டன் என்று, இன்னும் சரியாகக் கண் திறக்காத அந்த உயிரை உறவுக்காரர்கள் பங்கு பிரித்து முடித்துவிடுவார்கள். அதில் அன்புதான் இருக்கிறது. வந்திருப்பது வேற்றாள் இல்லை, நம்முடையதுதான் என்று எல்லோருமாகக் கூடிச் சொல்லிக்கொள்ளும் சடங்கு அது. எந்தச் சாடையும் பிடிபடாத குழந்தை ஒன்று வந்துவிட்டால் அந்த இடத்தில் என்ன பேச்சு எழும் என்பதை யோசித்துப் பார்க்கிறேன்.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு பையன் இருக்கிறான். என் தங்கையின் மகன், ஒன்பது வயது. ஈரோட்டில் ஜவுளி வியாபாரம் செய்யும் குடும்பம் எங்களுடையது. வாய்ப்பேச்சில்தான் சோறு. வாடிக்கையாளர் படியேறும்போதே முறை வைத்துக் கூப்பிட்டு, குடும்ப நலம் விசாரித்து உட்கார வைக்கும் பரம்பரை. அவன் பேசமாட்டான். கேட்டால் ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு. எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு எந்தப் பஸ் கிளம்பும், எந்த வழியாகப் போகும் என்று கேட்டால் மட்டும் நிமிர்ந்து உட்காருவான். இவன் யாரைக் கொண்டு பிறந்தான் என்று வருகிறவர்கள் அவன் எதிரிலேயே கேட்கிறார்கள். என் தங்கை ஒவ்வொரு முறையும் சிரித்துச் சமாளிக்கிறாள். போன கோடை விடுமுறையில் அவனுக்கு வாசித்துக் காட்ட நான் எடுத்த புத்தகம் ஈ. பி. வைட் எழுதிய ‘ஸ்டூவர்ட் லிட்டில்’. ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் சொல்லிக்கொண்டே ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயமாகப் போனோம்.

1945 அக்டோபரில் வந்த அமெரிக்கக் குழந்தை நாவல் அது. நியூயார்க்கில் ஒரு பூங்காவுக்குப் பக்கத்தில் வசிக்கும் லிட்டில் தம்பதிக்கு இரண்டாவது மகன் பிறக்கிறான். இரண்டு அங்குல உயரம். எலியின் கூர்மூக்கு, எலியின் வால், எலியின் மீசை. எலியின் கூச்ச சுபாவமும் உண்டு. பிறந்தவுடன் நடக்கிறான். ஏன் இப்படி என்று கதை எங்கேயும் விளக்குவதில்லை. சாபம், மந்திரம், மருந்துக் கோளாறு எதுவும் கிடையாது. மாதம் ஒன்று ஆகியும் ஒரு அவுன்ஸில் மூன்றில் ஒரு பங்கு எடைதான் கூடியது என்று தாய் கவலைப்பட்டு டாக்டரை அழைக்கிறாள். டாக்டர் காதுக்குள் பார்க்கிறார், நெஞ்சைச் சோதித்துப் பார்க்கிறார், காய்ச்சல் அளக்கிறார். 98.6 டிகிரி. எலிக்கு அது சரியான சூடு என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவ்வளவுதான். வாசகர் அதிர்ச்சி அடைவதற்குள் அந்த வீடு வேலையில் இறங்கிவிடுகிறது.

அந்த வேலைகளைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். குழந்தைக்கென்று எடுத்து வைத்த துணிமணி எதுவும் பொருந்தாது என்று கண்டதும், தாய் உட்கார்ந்து நீலக் கம்பளித் துணியில் ஒரு சிறிய சூட் தைக்கிறாள். அதில் கைக்குட்டை, காசு, சாவி வைத்துக்கொள்ளப் பைகள். தகப்பன் ஒரு சிகரெட் பெட்டியையும் துணி மாட்டும் நான்கு கிளிப்புகளையும் வைத்துக் கட்டில் செய்கிறார். குளியலறை வாஷ்பேசினுக்கு ஏறக் கயிற்றேணி கட்டித் தருகிறார். விளக்கைப் போட எட்டாது என்று அதன் சங்கிலியில் தரை வரை தொங்கும்படி ஒரு நூலைக் கட்டுகிறார். குழாயைத் திருக அவனுக்கு வலு போதாது. அதற்கு மரத்தில் ஒரு குட்டிச் சுத்தியல். தலையைச் சுற்றி மூன்று முறை வீசிக் குழாயின் பிடியில் ஓங்கி அடித்தால், பல் தேய்க்கும் அளவுக்குத் தண்ணீர் ஒழுகும். விடிகாலையில் வீடு இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும்போது, எங்கோ தொலைவில் கொல்லன் பட்டறை நடப்பதுபோல அந்தச் சத்தம் கேட்கும் என்று எழுதுகிறார் வைட்.

மாறுபட்ட குழந்தையை ஏற்பது என்று மேடையில் பேசும்போது நாம் மனதைப் பற்றித்தான் பேசுகிறோம். மனம் விசாலமாக வேண்டும் என்கிறோம். வைட்டின் அக்கறை குழாயில் இருக்கிறது. உன் கைக்கு எட்டவில்லை என்றால் நூலை நீட்டிக் கட்டுகிறேன், உன் வலு போதவில்லை என்றால் சுத்தியல் செய்கிறேன். அந்த வீட்டில் யாரும் அவனிடம் நாங்கள் உன்னை ஏற்றுக்கொண்டோம் என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. அதே நேரம் இன்னொன்றையும் அவர் மறைப்பதில்லை. எத்தனை அன்பான வீடாக இருந்தாலும் தினமும் காலையில் ஒரு சுத்தியலோடுதான் அவன் முகம் கழுவ வேண்டியிருக்கிறது. பெரிய ஆட்களுக்காகக் கட்டப்பட்ட வீடு அது. அன்பு அதன் அளவைக் குறைத்துவிடாது.

எங்கள் பையன் அந்தச் சுத்தியலை வரைந்து வைத்திருக்கிறான். ஆனால் அவன் மனதைப் பறித்தது பஸ் வரும் அத்தியாயம். ஸ்டூவர்ட் தனியாகவே பஸ் ஏறுவான். நிறுத்தத்தில் நிற்பது யார் கண்ணிலும் படாது என்பதால், ஏறுகிற யாராவது ஒருவரின் கால்சட்டை மடிப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவான். டிக்கெட்டுக்குக் கொடுக்கும் நாணயம் அவனால் தூக்க முடியாத அளவுக்குப் பெரிது. அதனால் தகப்பன் ஈயத்தாளில் சின்னச் சின்னக் காசு வெட்டிக் கொடுத்திருக்கிறார். கண்டக்டர் அதைப் பார்த்துக் கேலி செய்ய, அவமானப்படுவதற்காக நான் பஸ் ஏறவில்லை என்கிற மாதிரி ஸ்டூவர்ட் நிமிர்ந்து பதில் சொல்வான், கண்டக்டர் மன்னிப்புக் கேட்பார். அந்த இடத்தை மூன்று முறை படிக்கச் சொன்னான் என் மருமகன். கண்டக்டர் மன்னிப்புக் கேட்கும் வரியை அவனே உதட்டுக்குள் கூடவே சொன்னான்.

இனி எனக்குச் சங்கடமான பகுதிக்கு வருகிறேன். சுத்தியல் செய்த அதே தகப்பன் வேறொரு காரியமும் செய்கிறார். எலிகளைப் பற்றிய ஒரு குழந்தைப் பாட்டு வீட்டிலிருக்கும் பாட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. அதில் எலிகளின் வாலை வெட்டுகிறார்கள். அது மகன் கண்ணில் படக் கூடாது என்று அந்தப் பக்கத்தையே கிழித்துவிடச் சொல்கிறார். இன்னொரு கிறிஸ்துமஸ் பாட்டில் எலி என்ற சொல்லைச் சுரண்டிவிட்டுப் பேன் என்று எழுதுகிறார்கள். வீட்டில் யாரும் எலியைப் பற்றிப் பேசக் கூடாது. சமையலறைப் பக்கம் சரக்கு அறையில் ஓர் எலிவளை இருக்கிறது. என்றாவது ஒரு நாள் அவன் அதற்குள் போக ஆசைப்படுவானோ என்று அவருக்கு உள்ளூர நடுக்கம்.

எத்தனை வீடுகளில் இப்படிப் பக்கங்கள் கிழிக்கப்பட்டிருக்கின்றன. திக்கிப் பேசும் பிள்ளை இருக்கும் வீட்டில் திக்கு என்ற சொல்லே வராது. நிறம் குறைந்த பெண் இருக்கும் வீட்டில் யாராவது நிறத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரியம்மா எழுந்து காபி போடப் போய்விடுவார். எங்கள் வீட்டிலும் உண்டு. அவனை மருத்துவரிடம் காட்டியதைப் பற்றி அவன் இல்லாதபோதுதான் பேசுவோம், அவன் வரும் காலடி கேட்டால் சேலை ரகத்துக்குப் பேச்சு மாறும். காக்கத்தான் செய்கிறோம். ஆனால் குழந்தைக்குக் கிழித்த இடம் தெரிந்துவிடுகிறது. புத்தகத்தில் பக்கம் போனால் தையலில் இடைவெளி தெரியுமே, அதுபோல. என்னைப் பற்றிய சொல் பேசக் கூடாத சொல் என்று அவன் யாரும் சொல்லாமலே கற்றுக்கொள்கிறான். சுத்தியலும் கிழித்த பக்கமும் ஒரே கையிலிருந்து வருகின்றன என்று காட்டியதில்தான் வைட்டை நான் பெரிய எழுத்தாளர் என்கிறேன். கெட்ட தகப்பனைப் படைத்திருந்தால் அவருக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

அந்த எலிவளை பின்னால் கதைக்குள் வேலை செய்கிறது. ஒரு நாள் காலை, ஜன்னல் திரையின் கயிற்றைப் பிடித்து ஸ்டூவர்ட் வித்தை காட்டப் போக, திரை சுருட்டிக்கொண்டு அவனையும் உள்ளே இழுத்துவிடுகிறது. அசைய முடியவில்லை. அவனைப் பிடிக்காத வீட்டுப் பூனை ஸ்னோபெல், அவன் தொப்பியையும் கைத்தடியையும் தூக்கிக்கொண்டு போய் எலிவளை வாசலில் வைத்துவிடுகிறது. குடும்பம் வந்து பார்க்கிறது. பார்த்தவுடன் நம்பிவிடுகிறது. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. தரையைப் பெயர்த்துவிடலாம் என்கிறான் அண்ணன் ஜார்ஜ். வளைக்குள் வாயை வைத்து மாற்றி மாற்றிப் பெயர் சொல்லிக் கத்துகிறார்கள். தாய் அழுகிறாள். கடைசியில், தம்பி செத்துப்போயிருந்தால் மரியாதைக்கு ஜன்னல் திரைகளை இறக்கிவிட வேண்டும் என்று ஜார்ஜ் திரையை இழுக்க, உள்ளிருந்து ஸ்டூவர்ட் ஜன்னல் விளிம்பில் விழுகிறான்.

குழந்தைகள் இந்த இடத்தில் கைதட்டிச் சிரிப்பார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது. நெருக்கடி வந்தபோது அந்த அன்பான குடும்பம் அவன் சாடை எங்கே இருக்கிறதோ அங்கேதான் போய்த் தேடியது. எலி மாதிரி இருக்கிறான், ஆகவே எலிவளைக்குப் போயிருப்பான். அவனோ அவர்களுடைய வரவேற்பறையில், அவர்கள் தலைக்கு மேலே, அவர்கள் கையால் மாட்டிய திரைக்குள் இருந்தான்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஸ்டூவர்ட் அந்த வீட்டுக்கு மிகவும் பயன்படுகிறான். தாயின் மோதிரம் குளியல் தொட்டி வடிகாலில் விழுந்தால், கயிற்றில் தொங்கி இறங்கி, அழுக்கும் பிசுக்குமாக மோதிரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏறி வருகிறான். சோபாவுக்கு அடியில் உருண்ட பிங்பாங் பந்தை எடுத்துத் தருகிறான். பியானோவில் ஒரு கட்டை ஒட்டிக்கொள்கிறது என்று அவனை உள்ளே இறக்கி, அது அமுங்கும்போதெல்லாம் தூக்கிவிடச் சொல்கிறார்கள். வெளியே வந்தால் சற்று நேரம் காது கேட்காது. மாறுபட்ட குழந்தையிடம் நாம் உடனே ஒரு திறமையைத் தேடுகிறோம். பேசாவிட்டால் என்ன, கணக்கில் புலி என்கிறோம். எங்கள் பையனையும் விருந்தாளி வந்தால் கூப்பிட்டுப் பஸ் நேரம் ஒப்பிக்கச் சொல்வோம், எல்லோரும் வியப்பார்கள். பியானோவுக்குள் எத்தனை சத்தம் என்று உள்ளே இருப்பவனைத்தான் கேட்க வேண்டும். இதைப் படித்த பிறகு அந்தப் பழக்கத்தை நான் நிறுத்தினேன், தங்கையிடமும் சொன்னேன்.

இந்தப் புத்தகம் வந்த கதையும் ஒரு குடும்பக் கதை போலத்தான் இருக்கிறது. வைட் 1899இல் நியூயார்க் நகரத்தை ஒட்டிய மவுண்ட் வெர்னானில் பிறந்தவர், ஆறு பிள்ளைகளில் கடைசி. 1920களில் ஒரு ரயில் பயணத்தில் தூங்கிக்கொண்டிருந்தபோது, எலியின் சாயலில், நன்றாக உடுத்திய, துணிச்சலான ஒரு சின்ன உருவம் கனவில் வந்தது. அவருக்கு அண்ணன் அக்காள் பிள்ளைகள் மொத்தம் 18 பேர். கதை சொல் என்று பிடுங்கும்போது சொல்ல என்று அந்த உருவத்தைப் பற்றிச் சில துண்டுகள் எழுதி வைத்துக்கொண்டார். அவை இருபது ஆண்டுகளுக்குப் பக்கமாக நாவலாகாமல் கிடந்தன. குழந்தைகளுக்கு எழுதுங்கள் என்று அவரைத் தூண்டியவர்களில் ஒருவர் ஆன் கரோல் மூர். நியூயார்க் பொது நூலகத்தின் குழந்தைகள் பிரிவை உருவாக்கி, 1941இல் ஓய்வு பெற்றவர். அமெரிக்கக் குழந்தை இலக்கியத்தில் அவர் சொல்லுக்கு அன்று மறு சொல் இல்லை. அதே மூர் ஸ்டூவர்ட் லிட்டிலின் அச்சுப்படியைப் படித்துவிட்டுக் கலங்கிப்போனார். இதை வெளியிட வேண்டாம் என்று வைட் தம்பதிக்கு 14 பக்கம் கடிதம் எழுதினார். ஹார்ப்பர் பதிப்பகத்தின் குழந்தை நூல் ஆசிரியர் அர்சுலா நார்ட்ஸ்ட்ராம் பின்வாங்கவில்லை. கார்த் வில்லியம்ஸ் என்ற ஓவியருக்குக் குழந்தைப் புத்தகத்தில் முதல் வாய்ப்பாக இதைக் கொடுத்து வெளியிட்டார். பொது நூலகம் தொடக்கத்தில் தயங்கியது. பிள்ளைகள் தயங்கவில்லை.

எலி பேசுவதோ கார் ஓட்டுவதோ பெரியவர்களுக்கு ஒரு பொருட்டாக இல்லை. பேசும் எலிகள் குழந்தைக் கதைகளில் எத்தனையோ. மனிதத் தாய்க்கு அவன் பிறந்தான் என்பதுதான் வயிற்றைக் கலக்கியது. ‘நியூயார்க்கர்’ பத்திரிகையை நிறுவிய ஹரால்ட் ராஸ், வைட்டின் அறைக்குள் தலையை நீட்டி, தத்தெடுத்தார்கள் என்று எழுதியிருக்க வேண்டும் என்று கடிந்துகொண்டதாக வைட் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். நம்மிடமும் அதே பதற்றம் பழமொழியாகவே இருக்கிறது. புலிக்குப் பிறந்தது பூனையாகுமா. விதை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. எங்கள் கடையில் இந்தக் கடைசிப் பழமொழியை நாளுக்குப் பத்து முறை கேட்கலாம். நூலையும் சேலையையும் ஆயுள் முழுக்கக் கையில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரே நூலில் ஒரே தறியில் ஓடியும் சாயத்தொட்டியில் தனி நிறம் எடுத்துக்கொண்டு வரும் சேலைகள் உண்டு.

தத்து என்று சொல்லிவிட்டால் பெரியவர்களுக்கு ஏன் நிம்மதி? எங்கோ இவனுக்கென்று ஒரு சொந்தக் கூட்டம் இருக்கிறது, முகவரி மாறி நம்மிடம் வந்துவிட்டான் என்று ஆகிவிடுகிறது. 1843இல் டென்மார்க்கில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் எழுதிய வாத்துக்குஞ்சுக் கதை நம் பாடப்புத்தகக் குழந்தைகளுக்கும் தெரியும். செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்து, 14 வயதில் தனியே கோபன்ஹேகனுக்குப் போய் அவமானப்பட்டவர் எழுதிய கதை. அதன் வலி உண்மையான வலி, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அதன் தீர்வு என்ன? குஞ்சு வாத்தே இல்லை, அன்னம். முட்டை மாறிவிட்டது. அன்னங்களைக் கண்டதும் துன்பம் தீர்கிறது. வாத்துகளின் மத்தியில் உண்மையிலேயே ஒரு வித்தியாசமான வாத்து பிறந்திருந்தால் அது எங்கே போகும் என்ற கேள்வியை அந்தக் கதை தொடவில்லை. ரோல்ட் டாலின் ‘மட்டில்டா’ (1988) வேறு வழி எடுக்கிறது. அங்கே பெற்றோர் அவ்வளவு மோசம், அவர்களை விட்டுப் போவதில் குழந்தைக்கு இழப்பே கிடையாது. அதுவும் எனக்கு உவப்பான புத்தகம்தான். ஆனால் நல்ல அம்மா அப்பா இருந்தும் அந்த வீட்டில் பொருந்தாமல் நிற்கும் பிள்ளைகள்தான் அதிகம், அவர்களுக்கு மட்டில்டாவின் கதவு திறக்காது.

1999இல் ஸ்டூவர்ட் லிட்டில் படமாக வந்தபோது ராஸின் யோசனை நிறைவேறிவிட்டது. படத்தில் லிட்டில் தம்பதி அநாதை இல்லத்துக்குப் போய் ஸ்டூவர்ட்டைத் தத்தெடுக்கிறார்கள். திரைக்கதை எழுதிய இருவரில் ஒருவர் எம். நைட் ஷியாமளன். மாஹேயில் மலையாளத் தகப்பனுக்கும் தமிழ்த் தாய்க்கும் பிறந்து பென்சில்வேனியாவில் வளர்ந்தவர். தாயும் தகப்பனும் டாக்டர்கள். அந்த வீட்டிலிருந்து கேமராவைத் தூக்கிக்கொண்டு போன பையன் அவர். படம் தத்துப்பிள்ளைகளைப் பற்றி நல்லெண்ணத்தோடு பேசுகிறது, தத்தெடுத்த வீடுகளில் அதற்கு ஒரு பயனும் இருந்திருக்கும். இருந்தாலும் வைட் பிடித்து வைத்திருந்த கொதிக்கும் சட்டியை அது அடுப்பிலிருந்து இறக்கிவிட்டது. இரத்தமும் சதையுமாக உன்னிடமிருந்தே வந்த ஒன்று உன்னைப் போல இல்லை என்பதுதான் அந்தச் சூடு.

அந்தப் படத்தோடு ஒட்டிய ஓர் உண்மைச் சம்பவம் என்னை விடாமல் பிடித்திருக்கிறது. லிட்டில் வீட்டுச் சுவரில், கணப்படுப்பு மாடத்துக்கு மேலே ஒரு ஓவியம் பின்னணியில் தொங்கும். 2009 கிறிஸ்துமஸ் சமயம், ஹங்கேரிய தேசிய ஓவியக்கூடத்தின் ஆய்வாளர் கெர்கெய் பார்கி தன் மகளோடு உட்கார்ந்து டிவியில் இந்தப் படம் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் தொங்குவது ஹங்கேரிய ஓவியர் ரோபர்ட் பெரேனியின் படைப்பு என்று அடையாளம் கண்டார். 1920களின் இறுதிக்குப் பிறகு யார் கண்ணிலும் படாமல் போயிருந்த ஓவியம். கலிஃபோர்னியாவில் ஒரு பழம்பொருள் கடையில் படத்தின் அரங்க அலங்காரத்துக்கென்று மலிவாக வாங்கியிருந்தார்கள். 2014இல் புடாபெஸ்ட் ஏலத்தில் அது 2,29,500 யூரோவுக்குப் போனது. கோடிக்கணக்கான பேர் எலியைப் பார்த்தார்கள், ஒருவர் சுவரைப் பார்த்தார். நம் வீட்டுக் கூடத்தில் நடமாடும் பிள்ளையையும் யாராவது ஒருவர் அப்படிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆண்ட்ரூ சாலமன் 2012இல் எழுதிய ‘ஃபார் ஃப்ரம் த ட்ரீ’ என்ற பெரிய புத்தகம் இதே கேள்வியைப் பெரியவர்களுக்காகக் கேட்கிறது. 300க்கும் மேற்பட்ட குடும்பங்களோடு பேசி எழுதியது. மொழி, மதம், நிறம் போன்றவை பெற்றோரிடமிருந்து செங்குத்தாக இறங்கி வருகின்றன. ஆனால் செவித்திறன் இன்மை, ஆட்டிசம், குள்ள உருவம் போன்றவற்றோடு பிறக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் அவை இல்லாத பெற்றோருக்கே பிறக்கிறார்கள். தாங்கள் யார் என்பதை அவர்கள் பக்கவாட்டில், தங்களைப் போன்றவர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறவர்கள். அவர்களுக்குச் சைகை மொழி பேசும் கூட்டம் ஒன்று கிடைக்கும்போது, அதுதான் அன்னங்கள் நீந்தும் ஏரி. அந்த அளவில் ஆண்டர்சன் சொன்னது சரிதான். எங்கள் பையனுக்கு அப்படி ஓர் ஏரி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து பால்கனியில் நின்று, கண்ணுக்குத் தெரியாத பஸ்ஸின் ஹாரனை வைத்தே அது எந்த வண்டி என்று சொல்கிறவர்களின் ஊர் ஒன்று இருக்குமானால், நானே அவனைக் கொண்டுபோய் விடுவேன்.

ஸ்டூவர்ட்டுக்கும் வைட் அந்த ஊரைக் கொடுக்கவில்லை. கொடுப்பது போல ஒரு முறை கை நீட்டினார். மார்கலோ என்ற குருவி குளிரில் நலிந்து லிட்டில் வீட்டு ஜன்னலோரம் கிடக்க, தாய் எடுத்து வளர்க்கிறாள். ஸ்டூவர்ட் அதன்மேல் உயிராகிவிடுகிறான். இரவில் வில்லும் அம்புமாகக் காவலிருந்து பூனையிடமிருந்து அதைக் காப்பாற்றுகிறான். குப்பை வண்டியில் சிக்கிக் கடலுக்குப் போகவிருந்த அவனை மார்கலோ தூக்கி வந்து வீடு சேர்க்கிறது. பிறகு பூனைகளின் சதியைப் பற்றிப் புறா ஒன்று சீட்டெழுதி எச்சரிக்க, மார்கலோ யாரிடமும் சொல்லாமல் வடக்கே பறந்துவிடுகிறது. அதைத் தேடி ஸ்டூவர்ட் வீட்டை விட்டுக் கிளம்புகிறான். வழியில் ஏம்ஸ் கிராசிங் என்ற சிற்றூரில், இரண்டே அங்குல உயரத்தில் ஒரு பெண் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஹாரியட் ஏம்ஸ். அவன் அளவு. இதோ ஏரி வந்துவிட்டது என்று வாசகர் நிமிர்கிறார். ஆற்றில் படகு விடலாம் என்று அவளை அழைத்து, ஒரு குட்டி மரப்பட்டைப் படகை வாங்கி, தலையணை வைத்து, எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்கிறான். மறுநாள் போனால் யாரோ அதை உடைத்துப் போட்டிருக்கிறார்கள். ஹாரியட் நல்லவள், வேறு ஏதாவது செய்யலாமே என்கிறாள். அவன் மனம் அந்தப் படகை விட்டு நகர மறுக்கிறது. அவள் வீடு திரும்புகிறாள், அவன் தனியே பயணத்தைத் தொடர்கிறான். அளவு ஒத்துப்போனால் எல்லாம் ஒத்துப்போய்விடாது. அவன் தேடுவது பறக்கும் ஒன்றை. தன் சாடையிலும் இல்லாத, தன் குடும்பச் சாடையிலும் இல்லாத ஒன்றை.

வீட்டை விட்டுக் கிளம்பும் காலையைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். யாருக்கும் தெரியாமல் போவது என்று முடிவெடுத்தவன், தாயை நினைக்க ஏதாவது வேண்டும் என்று அவள் அறைக்குள் நுழைகிறான். விளக்கு வயரைப் பிடித்து மேசைமேல் ஏறி, அவள் சீப்பில் சிக்கியிருந்த ஒரு முடியை உருவி, சுருட்டி, கைக்குட்டைக்குள் வைத்து முடிந்து, அந்த முடிச்சை ஒரு தீக்குச்சியின் முனையில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறுகிறான். அந்தக் கைக்குட்டை வைக்கத்தான் அவன் பிறந்த புதிதில் அவள் நீல சூட்டில் பை தைத்தாள். உருவத்தில் ஒரு துளி கூட அவளிடமிருந்து பெறாதவன், அவள் உடம்பின் ஒரு இழையைத் தானே எடுத்துக்கொண்டு போகிறான். சாடையைப் பிறப்பு கொடுக்கவில்லை. அவன் மேசை ஏறி எடுத்துக்கொண்டான்.

கடைசி அத்தியாயத்தில் அவன் தன் குட்டிக் காரில் போகும் வழியில் ஒரு பள்ளத்தோரம் டெலிபோன் கம்பி பழுது பார்க்கும் ஆள் ஒருவரைச் சந்திக்கிறான். வடக்கு திசையைப் பற்றி இருவரும் பேசுகிறார்கள். பிறகு கார் ஏறுகிறான். எதிரே நீண்ட நிலம். குருவி கிடைத்ததா என்று சொல்லப்படவில்லை. பிள்ளைகள் வைட்டுக்கு ஆண்டுக்கணக்காகக் கடிதம் எழுதிக் கேட்டார்கள். தேடல்தான் கதை, அது முடிகிறதா என்பது இல்லை என்ற பொருளில் அவர் பதில் போட்டார். தாயும் தகப்பனும் அவன் கிளம்பிய பிறகு கதைக்குள் வருவதே இல்லை.

அதை எங்கள் பையன் கவனித்துவிட்டான். புத்தகத்தை மூடியதும் கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாமா, அவனை வீட்டுல தேடலையா?”

பின்னால் திருப்பிப் பார்த்தேன். அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இல்லை கண்ணு, எழுதலை என்றேன். புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, நடுவில் எங்கோ புரட்டி, மார்கலோ காணாமல் போன பக்கத்தைக் கண்டுபிடித்து விரலை வைத்தான். வழக்கமாக ஒரு வாரத்தில் அவன் பேசும் அளவை ஒரே மூச்சில் பேசினான்.

“தேடியிருப்பாங்க. குருவியவே மூணு நாளு தேடுனாங்கல்ல. ஒரு றெக்கை கெடைக்கலைன்னு போட்டிருக்கு பாருங்க. இவனை இன்னும் தேடிட்டுத்தான் இருப்பாங்க.”